சபைக்கு வந்த சாலை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் யாரும் சொல்லவில்லை, விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல ராஜாதான். குடிமக்களை அடித்தான் பிடித்தான் என்று ஒரு புகார் கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே வியாதி, பக்கத்து மேலைநாட்டு ராஜாவிடம் ஒன்று இருந்தால் தன்னிடம் அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்க வேண்டும் என்பது. மேலைநாட்டான் குளம் வெட்டினால் இவன் குளத்துக்கு ஒரு படிக்கட்டு அதிகம் வைப்பான். அவன் மீசை இரண்டு விரல் நீளம் என்று கேள்விப்பட்டு, இவன் ஆறு மாதம் சபைக்கே வராமல் மீசை வளர்த்ததும் உண்டு.

மேலைநாட்டுக்குப் போக வர ஒரு பழைய வழி இருந்தது. உப்புப் பாதை என்று பெயர். அங்கிருந்து உப்பு வண்டிகள் அந்த வழியாகத்தான் வரும். இங்கிருந்து நெல்லும் வெல்லமும் அந்த வழியாகத்தான் போகும். கிணற்றைக் கண்டால் வளையும், மேட்டையும் பள்ளத்தையும் கண்டால் சுற்றிக்கொள்ளும், சந்தை கூடுகிற ஊர் என்றால் உள்ளே நுழைந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகரும். இப்படிப் பன்னிரண்டு ஊர்களைத் தொட்டுக்கொண்டு போவதால் பார்க்கக் கோணல்மாணலாக இருக்கும்.

மேலைநாட்டான் நேராக ஒரு சாலை போட்டிருக்கிறான் என்ற செய்தி காதில் விழுந்ததும் விசயகண்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே கோட்டை வாசலிலிருந்து எல்லை வரை, ஆறு காத தூரத்துக்கு, கயிறு பிடித்தாற்போல ஒரு பெருவழி போட்டான். வழவழவென்று கருங்கல் பாவி, காதத்துக்கு ஒரு கல் நட்டு, ‘இச்சாலை மேலைநாட்டுக்குச் செல்லும்’ என்று பொறித்தும் வைத்தான். இந்த வேலைக்கெல்லாம் பொறுப்பு மந்திரி மார்க்கசகாயம். பெயரிலேயே மார்க்கம் இருக்கிறதே என்று அவரைச் சாலை மந்திரியாக்கினார்கள். மற்றபடி அவருக்குத் தெரிந்த ஒரே மார்க்கம் வீட்டிலிருந்து அரண்மனை, அதுவும் பல்லக்கில்.

மூன்று வருஷம் போயிற்று. ஒருநாள் மார்க்கசகாயம் சபையில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“அரசே! மேலைநாட்டில் இப்போது இரண்டு பெருவழிகளாம். அருகருகே, இரட்டைப் பிறவிகள்போல.”

ராஜாவின் மீசை துடித்தது. “நமக்கும் இரண்டாவது வேண்டும். உடனே வேண்டும்!”

“ஆகட்டும் அரசே. கல்லுக்கும் நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. அந்த உப்புப் பாதையில் பழைய அரசர்கள் பாவிய கற்கள் கிடக்கின்றன. கோணல் பாதை, வீண் பாதை. அதைத் தோண்டி எடுத்தால் இரண்டாவது பெருவழிக்குப் போதும். ஒரே நாட்டுக்குப் போக இரண்டு வழிகள் எதற்கு?”

சபை ஆகா என்று தலையாட்டியது. அப்போது தூண் ஓரத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அவன்தான் நம்முடைய ஆள், அம்பலவாணன். சபையைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சிரிக்கக் கூடாத இடத்தில் தானே சிரிப்பது அவன் வியாதி.

“என்ன சிரிப்பு, அம்பலவாணரே?” என்றான் ராஜா.

“ஒன்றுமில்லை அரசே. ஒரே நாட்டுக்கு இரண்டு வழிகள் வீண் என்கிறார் மந்திரியார். ஆகையால் ஒன்றைத் தோண்டி மூன்றாவது போடுகிறார். இந்தக் கணக்கு எனக்குப் புரிய இரண்டு தலை வேண்டும்.”

பின்வரிசையில் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மார்க்கசகாயத்தின் முகம் வெந்த பீர்க்கங்காய் மாதிரி சுருங்கியது. “சாலை விஷயம் கோமாளிக்கு என்ன தெரியும்? எது தேவை, எது வீண் என்று இவர் எப்படிச் சொல்லுவார்?”

“நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தச் சாலையே சொல்லுமே!” என்றான் அம்பலவாணன்.

ஏதோ பேச்சுவாக்கில் வந்த வார்த்தை. ஆனால் மார்க்கசகாயம் அதைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டார். “கேட்டீர்களா அரசே! சாலையே சொல்லுமாம். அப்படியானால் இரண்டு சாலைகளும் இந்தச் சபைக்கு வரட்டும், எது தேவை என்று தம் வாயாலேயே சாட்சி சொல்லட்டும். சொல்லாவிட்டால் உப்புப் பாதையின் முதல் கல்லை இவரே கடப்பாரை போட்டுப் பெயர்க்கட்டும்.”

ராஜாவுக்கு இப்படிப்பட்ட வேடிக்கை என்றால் கொள்ளை ஆசை. “சரியான பேச்சு! எட்டு நாள் தவணை. எட்டாம் நாள் காலையில் சாலைகள் இரண்டும் சபைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும்” என்று ஆணையிட்டுவிட்டான்.

அம்பலவாணன் வணங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி கையை வீசிக்கொண்டு வெளியே வந்தான். கோட்டை வாசலைத் தாண்டியதும்தான் மாட்டிக்கொண்டது உறைத்தது. வேலை போனால் வேறு வேலை. ஆனால் பன்னிரண்டு ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அவர்கள் பாதையில் கடப்பாரையைப் போட இந்தக் கைக்கு வருமா? “நாக்கே, நாக்கே, நீ ஒருநாள் என்னைச் சந்தியில் நிறுத்துவாய் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் நிறுத்துவாய் என்று தெரியாதே!” என்று தன்னையே திட்டிக்கொண்டு உப்புப் பாதையில் நடந்தான்.

கால் காதம் போவதற்குள் ஒரே கூச்சல். நடுப்பாதையில் இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் பொத்தென்று விழுந்து ஆவி பறக்கக் கிடந்தது ஒரு சாணி. ஒருத்தி இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு, “நான் வட்டம் போட்டேன்டி! கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? குச்சியால வட்டம் போட்டாச்சுன்னா அது போட்டவளுக்கு!” என்று கத்தினாள். மற்றவள் குனிந்து பார்த்தாள். சாணியைச் சுற்றி, கல்மேல் படிந்த மண்ணில் வட்டம் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜெயித்தவள் பெயர் சடைச்சி. வண்டிகளுக்குப் பின்னால் நடந்து சாணி பொறுக்கி, வரட்டி தட்டி, நகரத்து அடுப்புகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள்.

“ஒரு சாணிக்கு இத்தனை சண்டையா தாயி?” என்றான் அம்பலவாணன்.

“சாமிக்கு என்ன, அரமணைச் சோறு. எங்களுக்கு இதுதான் சோறு. இந்தப் பாதையில நடக்குற மாட்டை நம்பி முப்பது அடுப்பு எரியுது எங்கூர்ல. பாதையைத் தோண்டப் போறாங்களாமே, நெசமா? தோண்டுனா எங்க அடுப்புல பூனைதான் படுக்கும்.”

தோண்டப்போகிறவன் நான்தான் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பேச்சை மாற்றினான். “அந்தப் பெரிய சாலை இருக்கிறதே, நேராக, அழகாக. அங்கே போய்ப் பொறுக்கக் கூடாதா? சண்டை போட ஆளே இருக்காதே.”

சடைச்சி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். “சண்டை இல்லாத எடத்துல சாணி ஏது சாமி? அங்க வண்டியே வராது. தண்ணி கெடையாது, நெழல் கெடையாது, நடுவுல செங்குத்தா ஒரு மேடு. மாட்டுக்குத் தெரியும், ராசாவுக்குத் தெரியல. சாணியைப் பார்த்தாலே சொல்லிரலாமே, எந்தப் பாதையில போக்குவரத்து இருக்குன்னு!”

அம்பலவாணன் அப்படியே நின்றான். பிறகு நடுச்சாலையில், அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே, சடைச்சியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டான். “தாயி, என் மானத்தைக் காப்பாற்றினாய். எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும்” என்று நடந்ததையெல்லாம், கடப்பாரை உட்பட, ஒன்று விடாமல் சொன்னான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அரசவை விகடன் சாணிக்கூடை சுமந்தான். பன்னிரண்டு ஊர்ப் பெண்களும் சண்டையை நிறுத்திவிட்டு உப்புப் பாதைச் சாணியையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வரட்டி தட்டினார்கள். அதற்கிடையில் அம்பலவாணனும் சடைச்சியும் ஒரு வண்டி பிடித்துப் பெருவழியில் எல்லை வரை போய்ப் பார்த்தார்கள். ஆறு காதமும் கண்ணாடி மாதிரி கிடந்தது. எதிரே ஒரு வண்டி வரவில்லை, ஒரு மாடு வரவில்லை. கடைசிக் கல்லுக்கு அப்பால் சாலையே இல்லை. பெரிய பள்ளத்தாக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. மேலைநாட்டானுடைய பெருவழி அக்கரையில், வேறு எங்கோ வடக்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கல்லின் காலடியில் காய்ந்துபோன ஒரே ஒரு சாணி. சடைச்சி அதைக் குனிந்து பார்த்து ஏதோ சொன்னாள். அம்பலவாணன் அதை வாழையிலையில் பத்திரமாகப் பொதிந்து எடுத்துக்கொண்டான்.

இங்கே மார்க்கசகாயம் சும்மா இருப்பாரா? ஒற்றர்கள் போய், “கோமாளி சாணி பொறுக்குகிறான்” என்று சொன்னதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு யோசித்தார். விஷயம் பிடிபட்டதும் சிரிப்பு நின்றது. “அவன் ஒரு கூடை கொண்டுவந்தால் நாம் மூன்று கூடை கொண்டுபோவோம்” என்று நாலைந்து சேவகர்களைக் கூப்பிட்டுக் காதோடு காதாக ஒரு கட்டளை போட்டார்.

எட்டாம் நாள் காலை. சபை நிரம்பி வழிந்தது. உப்பரிகைத் திரைக்குப் பின்னால் மகாராணியும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கே ஐயா, சாலைகள்?” என்றான் ராஜா.

“வந்துவிட்டன அரசே. இரண்டும் கோட்டை வாசலில் நிற்கின்றன. எட்டிப் பாருங்கள்.”

“சாலை வருமா? என்ன உளறல்!” என்று பாய்ந்தார் மார்க்கசகாயம்.

“தாங்கள்தானே மந்திரியாரே கல்லில் பொறித்திருக்கிறீர்கள், ‘இச்சாலை மேலைநாட்டுக்குச் செல்லும்’ என்று? அவ்வளவு தூரம் செல்லத் தெரிந்த சாலைக்கு இங்கே வரத் தெரியாதா? வந்துதான் இருக்கின்றன. ஆறு காத நீளத்துக்குச் சபையில் இடமில்லை என்று வாசலோடு நின்றுவிட்டன.”

ராஜாவின் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “சரி, வந்ததாகவே வைத்துக்கொள்வோம். வாய்மொழி சாட்சி எங்கே?”

“சாலைக்கு வாய் ஏது அரசே? அதன்மேல் நடக்கிற மாட்டுக்குத்தான் வால் உண்டு. ஆகவே இது வாய்மொழி சாட்சி அல்ல, வால்மொழி சாட்சி.”

கைதட்டினான். பத்து வண்டி வரட்டி முற்றத்தில் வந்து நின்றது; முன்வண்டியோடு சடைச்சியும் வந்தாள். சபையில் பாதிப்பேர் மேல்துண்டால் மூக்கைப் பொத்தினார்கள்.

“உப்புப் பாதை ஏழே நாளில் சொன்ன சாட்சி இது. வண்டி போனால்தான் மாடு போகும், மாடு போனால்தான் சாணி விழும். பத்து வண்டி வரட்டி சொல்லுகிறது, நான் தேவை என்று.”

“பலே!” என்றான் ராஜா.

“பொறுங்கள் அரசே!” மார்க்கசகாயம் எழுந்தார். முகத்தில் கல்யாணக் களை. “பெருவழிக்கும் சாட்சி உண்டு.” அவரும் கைதட்டினார். உள்ளே வந்தது முப்பது வண்டி! “இவை அத்தனையும் பெருவழியில் அள்ளிய சாணி. நாலு நாளில் அள்ளியது. பத்து பெரிதா, முப்பது பெரிதா?”

சபை ஓவென்று ஆரவாரம் செய்தது. அம்பலவாணன் முப்பது வண்டியையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தான். சேவகன் ஒருவன் கடப்பாரையோடு தயாராக நிற்பதைக்கூடப் பார்த்துவிட்டான். திரும்பிச் சடைச்சியைப் பார்த்தான்.

சடைச்சி அவனைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று மந்திரியின் வண்டிக்குப் போய்க் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். விரலால் தேய்த்தாள். மோந்தாள். உதறிவிட்டுச் சொன்னாள்:

“ராசா, உசிரே போனாலும் சரி, இதைச் சொல்லாமப் போக மாட்டேன். இது வண்டி மாட்டுச் சாணி இல்ல. வண்டி மாடு வைக்கோலைத் தின்னுட்டு வெயில்ல இழுக்குது. அதோட சாணி நார் நாரா இருக்கும், பாதை மண்ணு ஒட்டியிருக்கும். இது வெண்ணெயாட்டம் இருக்கு. பருத்திக்கொட்டை வாசம் அடிக்குது. ஒத்த மணல் இல்ல. இது நெழல்ல நின்னுகிட்டே தின்னு கொழுத்த மாடு!”

“இந்த நாட்டில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிற வீடு எது?” என்று மெதுவாகக் கேட்டான் அம்பலவாணன். இழந்த தெம்பு திரும்ப வந்துவிட்டது.

உப்பரிகைத் திரை படாரென்று விலகியது.

“அதுதானா சங்கதி!” என்றாள் மகாராணி. “நாலு நாளாக அந்தப்புர வாசலில் சாணி தெளிக்கவில்லை. வெறும் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறோம், மூதேவி பிடித்த வீடு மாதிரி! கேட்டால், அரண்மனைத் தொழுவத்தில் ஒரு பிடி சாணி இல்லை, மந்திரியார் வண்டி கட்டி ஏற்றிப் போய்விட்டார் என்கிறார்கள். சாணியை ஏற்றிப்போய் அவருக்கு என்ன என்று நானும் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன்!”

சபையில் எல்லாத் தலைகளும் மந்திரி பக்கம் திரும்பின. மார்க்கசகாயம் வேர்வையைத் துடைத்தார். ஆனாலும் மனுஷர் லேசில் விடவில்லை.

“அரசே, நாட்டின் கௌரவத்துக்காகச் செய்தேன். உண்மை இதுதான்: ஜனங்கள் பழக்கதோஷத்தால் கோணல் வழியில் போகிறார்கள். அதை மூடிவிட்டால் எல்லாரும் பெருவழிக்கு வந்துதானே ஆக வேண்டும்? அப்போது ஒன்று போதாது, இரண்டு தேவைப்படும்!”

ராஜா யோசித்தான். பேச்சில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் அவனுக்குப் பட்டது.

“வருவார்கள் அரசே, கட்டாயம் வருவார்கள்” என்று ஒப்புக்கொண்டான் அம்பலவாணன். மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். “பெருவழியில் நாங்கள் கண்ட ஒரே நிஜச் சாணி இது. எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. தாயி, இதை ராஜாவுக்குப் படித்துச் சொல்லு.”

“நடந்துகிட்டே மாடு சாணி போட்டா, நீள வாக்குல செதறிக் கெடக்கும் ராசா. இது ஒரே குவியலா இருக்கு. இந்த மாடு அங்க ரொம்ப நேரம் நின்னுருக்கு.”

“ஏன் நின்றது?” என்றான் ராஜா.

“அதற்குமேல் போக வழியில்லை அரசே” என்றான் அம்பலவாணன். “சாலை தீர்ந்து பள்ளத்தாக்கு வந்துவிட்டது. பாலம் கிடையாது. எந்த வியாபாரியோ கல்லில் எழுதியதை நம்பிப் போய், பள்ளத்தைப் பார்த்து நின்று, நம்மை வாயார வாழ்த்திவிட்டுத் திரும்பியிருக்கிறான். பெருவழிக்குப் போக்கு உண்டு, வரத்துதான் இல்லை. உப்புப் பாதையையும் தோண்டிவிட்டால் நம் நாட்டுக்கு உப்பு எந்த வழியாக வரும் என்று மந்திரியாரைக் கேளுங்கள்.”

ராஜா மெல்லத் திரும்பினான். “மந்திரியாரே, பாலம்?”

“மேலைநாட்டரசர் அக்கரையிலிருந்து பாதி கட்டினால் நாம் இக்கரையிலிருந்து பாதி கட்டலாம் என்று ஓலை அனுப்பியிருக்கிறேன் அரசே.”

“எப்போது?”

“மூன்று வருஷத்துக்கு முன். பதில் வந்துகொண்டிருக்கிறது.”

ராஜாவுக்கு முதலில் கோபம் வந்தது. கண் சிவந்தது. அப்புறம் முகம் தொங்கிப்போயிற்று. “உப்புப் பாதையில் ஒரு கல்லைக்கூட யாரும் தொடக் கூடாது” என்றான். சடைச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ராஜா தாழ்ந்த குரலில் மேலும் சொன்னான்: “அம்பலவாணரே, உப்புப் பாதை பிழைத்தது. என் மானம் போயிற்றே! ஆறு காத தூரத்துக்கு வீண் சாலை போட்டவன் என்று மேலைநாட்டான் வயிறு குலுங்கச் சிரிப்பானே!”

அம்பலவாணன் வாயைத் திறப்பதற்குள் சடைச்சி முந்திக்கொண்டாள்.

“ஏன் ராசா வீணுங்கறீங்க? வழவழன்னு கல்லு, சுள்ளுன்னு வெயிலு, மேல ஒரு மரத்து நெழல் விழாது, குறுக்க ஒரு வண்டி வராது! நெல்லு காயப்போட, மொளகா காயப்போட, வரட்டி காயப்போட இதைவிட நல்ல களம் ஏழு நாட்டுலயும் கெடைக்காது. எங்களுக்குக் குடுத்துருங்க. கும்புட்டு வாங்கிக்கிறோம்.”

ராஜா அவளைப் பார்த்தான். அம்பலவாணனைப் பார்த்தான். உதடு துடித்தது. “அப்படியானால் என் பெருவழி தேவையா, வீணா? வளவளவென்று பேசாமல் நறுக்கென்று சொல்லும்.”

“வெயில் காலத்தில் தேவை அரசே” என்றான் அம்பலவாணன். “மழைக் காலத்தில் வீண்.”

அவ்வளவுதான். ராஜா வெடித்துச் சிரித்தான். சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மகாராணி திரைக்குப் பின்னால் சிரித்தாள். கடப்பாரை வைத்திருந்த சேவகன் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் ராஜா பெருவழியைப் பன்னிரண்டு ஊருக்கும் பொதுக் களமாக எழுதிக்கொடுத்தான். கோட்டை வாசலை ஒட்டிய முதல் இடம் சடைச்சிக்கு. காய்கிற நெல்லில் காக்கை, குருவி இறங்காமல் ஆறு காதமும் பார்த்துக்கொள்ள மந்திரி மார்க்கசகாயத்தை நியமித்தான். நடந்தே பார்க்க வேண்டும், பல்லக்கு கிடையாது என்று உத்தரவு.

அம்பலவாணனைக் கிட்டே அழைத்துத் தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தப்போன ராஜா, பாதியில் கையை நிறுத்தி மூக்கைச் சுளித்தான்.

“போர்த்த வேண்டாம் அரசே, பட்டு பாழாகிவிடும்” என்றான் அம்பலவாணன். “ஒரு வாரமாக என் மனைவி என்னை வாசற்படி தாண்ட விடவில்லை. சால்வை அப்புறம் ஆகட்டும். இப்போதைக்கு ஒரு கிண்ணம் நல்லெண்ணெய், ஒரு கை சீயக்காய், ஒரு அண்டா வெந்நீர் போதும்.”

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே, அம்பலவாணன் தலையில் தன் கையாலேயே எண்ணெய் வைத்தான். இப்படியொரு மரியாதை அந்த நாட்டில் அதற்கு முன்னாலும் யாருக்கும் கிடைத்ததில்லை, பின்னாலும் கிடைத்ததில்லை.